கேமராவைப் படிக்கும் முன் பூசையைப் படியுங்கள்: புதுச்சேரியில் கோவில் கல்யாணம் வீடியோ எடுப்பவருக்கு

ஃபாதர் தாலித் தட்டை நீட்டியதிலிருந்து கடைசி முடிச்சு விழும்வரை பல கல்யாணங்களில் அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் மாப்பிள்ளையின் அக்கா முடிச்சுப் போடப் பின்னால் வந்து நிற்பார், பெண்ணின் சித்தி தலையில் இருக்கும் நெட்டைத் தூக்கிப் பிடிப்பார், போட்டோ எடுப்பவர் முன்னால் பாய்வார். நான் வீடியோ எடுத்த இரண்டாவது கல்யாணத்தில், அந்த நேரத்தில் என் கேமராவில் பதிவானது யாரோ ஒருவருடைய கறுப்புக் கோட்டின் முதுகு மட்டும்தான். ஒரு மாதம் கழித்துப் பெண்ணின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தாலி கட்டுறது வேற எதுலயாவது இருக்காப்பா?" என்று கேட்டார். இல்லை. அவர் கோபப்படவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதனால்தான் புதிதாக வருகிற தம்பி தங்கைகளிடம் முதலில் இதைச் சொல்கிறேன்: கேமராவைப் படிப்பதற்கு முன்னால் பூசையை, அதாவது கத்தோலிக்கத் திருப்பலியைப் படியுங்கள். எது எப்போது நடக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவருக்குச் சாதாரண கேமராவிலும் எல்லாம் கிடைக்கும்.

முதல் வேலை: கோவிலையும் ஃபாதரையும் பார்ப்பது

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது கோவிலுக்குப் போங்கள். கல்யாணம் எந்த மணிக்கோ அதே மணிக்குப் போக வேண்டும். புதுச்சேரிக் கோவில்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. துமாஸ் வீதியில் இருக்கும் கப்ஸ் கோவில், அதாவது 1855-இல் கட்டிய தூய தேவதூதர்களின் அன்னை ஆலயம், கடலைப் பார்த்து நிற்கிறது. காலை வெயில் முகப்பில் நேராக விழும், சாயங்காலம் அதே முகப்பு நிழலில் இருக்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா கோத்திக் பாணி; உள்ளே வண்ணக் கண்ணாடி சன்னல்கள். அவற்றுக்கு முன்னால் மணமக்களை நிறுத்தி எடுத்தால் சன்னல் அழகாக வரும், முகம் இருட்டிவிடும். மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோவிலுக்குப் பெரிய முற்றம் உண்டு, வருகைப் பவனியைத் தூரத்திலிருந்தே எடுக்கலாம். ஆனால் வெளியே வண்டிச் சத்தம் ஓயாது. வில்லியனூர் மாதா கோவிலில் பூசை முடிந்ததும் எல்லோரும் குளத்துப் பக்கம் போக ஆசைப்படுவார்கள், அதற்கும் கால் மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

அந்தக் கோவிலின் பொறுப்பில் இருக்கும் ஃபாதரான பங்குத்தந்தையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரையோ பெண் வீட்டாரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நேராகக் கேளுங்கள்: பீடத்துப் படியில் ஏறலாமா? எந்தப் பக்கம் நின்றால் தொந்தரவு இருக்காது? வீடியோ லைட் போடலாமா? ஒலிபெருக்கியிலிருந்து ஒயர் எடுக்கலாமா? ஒவ்வொரு பங்கிலும் பதில் வேறாக இருக்கும். போன மாதம் பக்கத்துக் கோவிலில் விட்டார்களே என்று வாதாட வேண்டாம். சொன்னதைக் கேட்டு நடக்கிறவர் என்று ஃபாதருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த முறை அவரே நல்ல இடம் காட்டுவார்.

அப்புறம் கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளையைப் பாருங்கள். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு, எந்த மின்விசிறி கடகடக்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பூசையன்று பீடத்து விளக்குகளை எல்லாம் போடச் சொல்லி அவரிடம் அன்பாகக் கேட்டாலே உங்கள் பாதி வெளிச்சப் பிரச்சினை தீரும்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை என்பதால், அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் ஒரே கோவிலில் ஒரே நாளில் இரண்டு மூன்று கல்யாணம் நடக்கும். முந்தைய கல்யாணம் முடிந்து ஜோடனை மாற்றும் நேரம்தான் உங்களுக்கு மைக் பொருத்தக் கிடைக்கும் நேரம்.

பூசையின் வரிசை

கத்தோலிக்கத் திருமணத் திருப்பலி ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம் போகும். வாசலில் மணமக்களை ஃபாதர் வரவேற்று, பவனியாகப் பீடத்துக்கு அழைத்துப் போவார். வாசகங்கள், நற்செய்தி, மறையுரை (ஃபாதரின் பிரசங்கம்). திருமணச் சடங்கு மறையுரை முடிந்த உடனே வரும். மறையுரை சிலர் ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள், சிலருக்கு இருபது நிமிடம் ஆகும். எனவே மறையுரை தொடங்கியதுமே பேட்டரி மாற்றுவது, கார்டு மாற்றுவது எல்லாவற்றையும் முடித்துவிட்டு உங்கள் இடத்தில் போய் நின்றுவிடுங்கள்.

சடங்கில் முதலில் ஃபாதர் மணமக்களிடம் கேள்விகள் கேட்பார்: முழு மனச் சுதந்திரத்தோடு வந்தீர்களா, வாழ்நாளெல்லாம் அன்பு காட்டுவீர்களா, இறைவன் தரும் குழந்தைகளை ஏற்பீர்களா என்று. பிறகு வலக்கையைப் பிடித்துக்கொண்டு வாக்குறுதி. "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்" என்று வரும் அந்த வார்த்தைகள்தான் திருமணமே. திருச்சபை முறைப்படி ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் அந்தச் சம்மதத்தில்தான் திருமணம் நிறைவேறுகிறது. தாலியும் மோதிரமும் அதற்குப் பிறகு வருபவை. வீட்டார் தாலியைக் கேட்பார்கள், ஃபாதர் வாக்குறுதியை முக்கியம் என்பார். இரண்டையும் நீங்கள் கொடுக்க வேண்டும்.

வாக்குறுதிக்கு அடுத்துத் தாலியையும் மோதிரங்களையும் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். நம் பக்கத்துக் கிறிஸ்தவத் தாலியில் புறாவோ சிலுவையோ இருக்கும். தட்டில் இருக்கும்போதே அதை நெருக்கமாக ஒரு ஐந்து நொடி எடுத்துவிடுங்கள், கழுத்தில் ஏறிய பிறகு மாலை மறைத்துவிடும். தாலி, மோதிரம், மாலை எந்த வரிசையில் வரும் என்பது பங்குக்குப் பங்கு கொஞ்சம் மாறும், முன்கூட்டியே கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் மன்றாட்டு, காணிக்கைப் பவனி, ஃபாதர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம். எழுந்தேற்றத்தில் மணி அடித்ததும் எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள். நடமாடவே கூடாது. நின்ற இடத்தில் ஸ்டாண்டில் கேமரா ஓடட்டும், நீங்களும் தலை குனிந்து நில்லுங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபம் முடிந்ததும் முழங்காலில் இருக்கும் மணமக்கள்மேல் ஃபாதர் கைவிரித்துச் சொல்லும் திருமண ஆசி வரும். பலர் இதைக் கோட்டைவிடுவார்கள். பெற்றோரின் கண் கலங்குவது பெரும்பாலும் இங்கேதான். நற்கருணை வாங்கும்போது மணமக்களைத் தள்ளி நின்று எடுங்கள், மற்றவர்கள் வாய் திறந்து நிற்பதை நெருக்கத்தில் எடுப்பது மரியாதை இல்லை.

கடலூர்ப் பக்கம் ஆற்காடு லுத்தரன் கோவில்களிலும் தென்னிந்தியத் திருச்சபைக் கோவில்களிலும் வரிசை வேறு. போதகரை அங்கே ஐயர் என்று அழைப்பார்கள், பாட்டும் பிரசங்கமும் வேறு நேரத்தில் வரும். ஆராதனை முறை அச்சிட்ட தாளை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

எங்கே நிற்பது

மணமக்கள் பீடத்தைப் பார்த்து நிற்பார்கள். பின்னாலிருந்து எடுத்தால் ஜடையும் கோட்டும்தான். அதனால் முதல் கேமரா பீடத்துக்குப் பக்கவாட்டில், படிக்குக் கீழே, பெண்ணின் முகம் தெரியும் பக்கமாக இருக்க வேண்டும். மணமகள் எந்தப் பக்கம் நிற்பார் என்பதையும் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கேமரா கோவிலின் கடைசியில் உயரமான ஸ்டாண்டில், அல்லது அனுமதி கிடைத்தால் பாடகர் குழு நிற்கும் மாடியில், முழுக் கோவிலையும் பார்த்தபடி, நிறுத்தாமல் ஓட வேண்டும். ஒரே கேமராதான் இருக்கிறது என்றால் நல்ல கைப்பேசி ஒன்றை அந்த இடத்தில் கட்டி வையுங்கள். அன்று எனக்கு அந்த இரண்டாவது கேமரா இருந்திருந்தால் அந்த அப்பாவுக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

போட்டோ எடுப்பவரோடு பூசைக்கு முன்பே பேசிவிடுங்கள். "அண்ணே, தாலிக்கு நான் இடது பக்கம் உட்காந்துடறேன், நீங்க வலது பக்கம் எடுத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை. நாத்தனாரிடமும் சொல்லலாம்: முடிச்சுப் போடும்போது கொஞ்சம் பின்பக்கமாகவே நில்லுங்கக்கா, உங்க கையும் வரும், மாப்பிள்ளை முகமும் வரும் என்று. யாரும் மறுப்பதில்லை. சொந்தக்காரர்கள் கைப்பேசியோடு நடுவில் வருவது பற்றி ஃபாதரே பூசைக்கு முன் ஒரு அறிவிப்புச் சொன்னால் நல்லது, கேட்டுப் பாருங்கள்.

ஒலி: இதில்தான் பலரும் தோற்கிறார்கள்

படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வாக்குறுதி கேட்கவில்லை என்றால் அந்த வீடியோவை இரண்டாம் முறை போட மாட்டார். கோவிலின் உயர்ந்த கூரையில் ஒவ்வொரு சொல்லும் முட்டித் திரும்பி வரும், மேலே மின்விசிறி, கீழே குழந்தைகள். கேமராவின் சொந்த மைக் இத்தனையையும் சேர்த்துக் குழப்பித்தான் தரும்.

என் வழக்கம் மூன்று இடத்தில் ஒலி எடுப்பது. ஒன்று, மாப்பிள்ளையிடம் சின்ன காலர் மைக். பெண் ஒரு கை தூரத்தில்தான் நிற்கிறார் என்பதால் அவர் குரலும் அதில் விழும். பெண்ணின் குரல் அந்த நேரத்தில் மிகவும் இறங்கிவிடும். பீடச் சிறுவன் நீட்டும் மைக்கைச் சில சமயம் தாண்டிப் பேசுவார். காலர் மைக் இருந்தால் அது தப்பாது. ஆனால் இடம் பார்த்துக் குத்த வேண்டும். நான் முதலில் கோட்டின் மார்புப் பக்கத்தில் குத்தினேன். மாலை போட்டதும் சம்பங்கியும் ரோஜாவும் மைக்கின்மேல் உரசி, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் காய்ந்த சருகை மிதிக்கும் சத்தம்தான். இப்போது டையின் முடிச்சுக்குள், அல்லது சட்டைக் காலரின் மேல் விளிம்பில் வைக்கிறேன். மாலை அங்கே ஏறாது. ஒயரைச் சட்டைக்கு உள்ளே ஒரு துண்டு டேப்பால் ஒட்டிவிடுங்கள். மாப்பிள்ளையின் கைப்பேசியை யாராவது வாங்கி வைத்துக்கொள்ளட்டும், மைக்குக்குப் பக்கத்தில் அது இரையும்.

இரண்டாவது, கோவிலின் ஒலிபெருக்கிச் சாதனத்திலிருந்து ஒயர் எடுத்துச் சின்ன ரெக்கார்டரில் பதிவது. அங்கிருந்து வரும் சத்தம் மைக் சத்தத்தைவிடப் பல மடங்கு பலமானது. ரெக்கார்டரில் லைன் என்ற அமைப்பை வைக்காவிட்டால் குரல் உடைந்து வரும். உச்சச் சத்தம் ரெக்கார்டரின் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கும்படி வையுங்கள். பாடகர் குழு முழுக்குரலில் பாடும்போது ஏறும் சத்தத்துக்கு அந்த இடைவெளி வேண்டும். மூன்றாவது, ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு கைப்பேசி, ஃபிளைட் மோடில். மற்ற இரண்டும் கைவிட்டால் இது காப்பாற்றும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், ஆட்கள் வருவதற்கு முன், நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். எடிட்டிங்கில் எல்லா ஒலியையும் அந்தத் தட்டலை வைத்து ஒன்றாகச் சேர்த்துவிடலாம்.

கேமராவில் வைக்க வேண்டியவை

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. மெதுவாக ஓட்ட நினைத்தால் 50 ஃபிரேம், ஷட்டர் 1/100. 1/60 வைத்தால் டியூப் லைட்டில் படம் துடிக்கும், கோடு ஓடும். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவில் விடாதீர்கள். வண்ணக் கண்ணாடி வழியாக நீலமும் சிவப்பும், பீடத்தில் மஞ்சள் விளக்கு, பக்கத்தில் வெள்ளை டியூப் என்று இருந்தால் கேமரா நொடிக்கொரு நிறம் மாற்றும். பீடத்து விளக்கு போட்டபின், அங்கே விரித்திருக்கும் வெள்ளைத் துணியைப் பார்த்து ஒரு முறை நிறத்தை நிறுத்திவிடுங்கள்.

வெளிச்சம் வைக்கும்போது முகத்தைப் பாருங்கள். மணமகள் வெள்ளைப் புடவையில், மாப்பிள்ளை கறுப்புக் கோட்டில். ஆட்டோவில் விட்டால் புடவையைப் பார்த்துப் பயந்து கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கும், நம் மாநிற முகம் இன்னும் கறுத்துப் போகும். முகம் சரியாக வரும்படி வைத்துவிட்டு, புடவையின் ஜரிகையும் மடிப்பும் வெளுத்துப் போகாத அளவுக்குக் கொஞ்சம் இறக்குங்கள். பூசையில் வீடியோ லைட் வேண்டவே வேண்டாம். ஃபாதரின் கண்ணில் அடித்து வாசகப் புத்தகம் தெரியாமல் போகும்.

கார்டு கணக்கு: நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும், பூசைக்குச் சற்று முன்பே ஓடவிட்டால் கடைசிப் பாட்டில் நின்றுவிடும். 128 போடுங்கள். சில பழைய கேமராக்கள் அரை மணிக்கு ஒரு முறை தானாக நிற்கும், அது உங்களுடையதா என்று வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஈரக் காற்று

இது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. பெண் அலங்காரம் ஏசி அறையில் நடக்கும். அங்கே ஒரு மணி நேரம் குளிர்ந்த லென்ஸோடு வெளியே வந்தால், கடற்காற்றில் கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிடும். துணியால் துடைத்தால் திரும்பப் படியும், உள்பக்கம் படிந்தால் துடைக்கவும் முடியாது. பெண் காரிலிருந்து இறங்கும் காட்சி வெண்புகைக்குள் நடப்பதைப் போலத் தெரியும். அலங்காரத்துக்கு ஒரு கேமராவை மட்டும் எடுத்துப் போங்கள். கோவிலில் பயன்படுத்தப் போவதை ஏசி இல்லாத இடத்தில் பையோடு விடுங்கள். ஒரே கேமராதான் என்றால் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வந்து மூடிய பைக்குள் வைத்துவிடுங்கள், மெதுவாகச் சூடு ஏறட்டும். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணம் என்றால் குடையும் பிளாஸ்டிக் உறையும் கட்டாயம்.

பூசை முடிந்ததும்

மணமக்களும் இரண்டு சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். கையையும் பேனாவையும் எடுங்கள், பதிவேட்டில் இருக்கும் மற்றவர்களின் விவரம் தெரிய வேண்டாம். மாதா சுரூபத்துக்கு (சிலைக்கு) முன்னால் போய்ப் பூ வைத்து ஜெபிப்பார்கள். இங்கே பின்னால் நின்று எடுப்பதுதான் அழகு. வாசலில் பேண்ட் வாத்தியம் தொடங்கும்.

சாயங்காலக் கல்யாணத்துக்குப் பிறகு பீச் ரோட்டில் எடுக்கலாம் என்று பலரும் கேட்பார்கள். மாலை 6 மணிக்குமேல் அங்கே வண்டி விட மாட்டார்கள். கனத்த புடவையோடு பெண் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அருகில் இருக்கும் வீதியில் காரை நிறுத்தச் சொல்லுங்கள். டிரோன் பறக்கவிடும் முன் அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, அனுமதி வேண்டிய மஞ்சளா, தடையுள்ள சிவப்பா என்று பார்த்துவிடுங்கள்; லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது.

ரிசப்ஷன்

மண்டபத்தில் வேறு மாதிரி வேலை. ஒரு கேமராவை மேடைக்கு நேராக ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிடுங்கள். வாழ்த்த வருகிற வரிசை முழுவதும் அதில் விழட்டும். நீங்கள் கையில் இன்னொன்றோடு கீழே இறங்குங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் கோடு ஓடும். ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

மணமக்கள் நுழைவது, கேக் வெட்டுவது, வாழ்த்துரை, நன்றியுரை ஆகிய நான்குக்கும் நேரம் கேட்டு வைத்துக்கொண்டால் மற்ற நேரம் உங்களுடையது. அந்த நேரத்தை முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குக் கொடுங்கள். இரண்டு பக்கமும் சொந்தம் எல்லாம் தெரிந்த ஒரு அத்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இவங்கதான் மாப்பிள்ளையோட அம்மாச்சி, கால் வலியோட வந்துருக்காங்க" என்று அவர் காட்டுவார். அந்த அம்மாச்சியை மேடைக்கு ஏற்றாமல், பாட்டுச் சத்தம் குறைவாக இருக்கும் ஒரு மூலையில் உட்காரவைத்து, பேரனுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். பாட்டி பேசிய ஒரு நிமிடத்துக்காகவே முழு வீடியோவையும் திரும்பத் திரும்பப் பார்க்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். சாப்பாட்டுப் பந்தியை ஒரு நிமிடம் எடுத்தால் போதும், யார் வாயில் பிரியாணி இருக்கும்போதும் நெருங்க வேண்டாம்.

நேரலை கேட்கும் வீடுகள் புதுச்சேரியில் அதிகம், பிரான்சில் பாதிக் குடும்பம் இருக்கும். அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கி இருப்பார்கள், கோடையில் மூன்றரை. ஜனவரியில் நம் காலை 10 மணிப் பூசை அவர்களுக்கு அதிகாலை 5.30. இதை வீட்டாரிடம் முன்பே சொல்லி, பூசை முடிந்த பிறகும் பார்க்கும்படி நேரலைப் பதிவை அழிக்காமல் வையுங்கள். மண்டபத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் உரிமைப் பிரச்சினையில் நேரலை இடையிலேயே ஊமையாகலாம், நின்றும் போகலாம். அதனால் நான் கோவில் பகுதியைத் தனி நேரலையாகவும் ரிசப்ஷனைத் தனி நேரலையாகவும் வைக்கிறேன்.

அன்று இரவே

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கார்டுகளை இரண்டு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். நகலெடுத்தபின் தாலி கட்டும் இடத்தையும் வாக்குறுதியையும் ஹெட்போன் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் இருந்தால் ஒரு டிஸ்க்கை வேறு வீட்டில், அக்கா வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பென் டிரைவை வீட்டார் கையில் கொடுத்து, முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள்.